பதினெட்டுப் படங்கள்

கோயம்புத்தூருக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில் இருந்த ஒரு விண்வெளி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவின் பெயர் மெஹருன்னிசா. கீழக்கரைக்காரர். சீடரின் பெயர் திருமேனி. ஆழ்வார்குறிச்சியில் பிறந்து, பாலிடெக்னிக்கில் பத்து வருஷம் பாடம் நடத்திவிட்டு, முப்பத்தைந்து வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர். குருவுக்கும் சீடருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். குரு, சீடர் என்ற பேச்சை அவர்கள் இருவரும் வாயெடுத்துச் சொன்னதில்லை. கேன்டீனில் மற்றவர்கள் கேலியாக வைத்த பெயர் அது. நாளாக நாளாகக் கேலி உதிர்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மிகத் தொலைவில் இருக்கும் விண்மீன் திரள்களைக் கணக்கெடுப்பது அவர்கள் வேலை. அவ்வளவு தூரத்திலிருந்து கிளம்பிய ஒளி, வழியெல்லாம் நீண்டு நீண்டு, வந்து சேரும்போது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாகிவிடும். பூமியில் நின்று அதைப் பார்க்க முடியாது. இங்கே காற்றே சூடாக மினுங்கும். அதனால் தொலைநோக்கியை விண்வெளிக்கு அனுப்பி, வெயில் படாமல் மறைப்பு வைத்து, உறைகிற குளிரில் நிறுத்தியிருந்தார்கள். கொஞ்சம் சூடேறினாலும் போதும், அது தன் சூட்டையே பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருமேனி தன் அறையில் ஒரு கட்டுரை படித்துக்கொண்டிருந்தார். வேறு நாட்டுக் குழு ஒன்று எழுதியது. புதிதாக ஏவப்பட்ட பெரிய தொலைநோக்கியால் ஒரு புள்ளியின் நிறமாலையை எடுத்திருந்தார்கள். அது ஒரு விண்மீன் திரள். பிரபஞ்சம் பிறந்து நாற்பது கோடி வருஷம்கூட ஆகாத காலத்தில் எரிந்த ஒளி.

நல்ல வேலை என்று நினைத்தார். பக்கத்தைத் திருப்பினார். கீழே பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு இருந்தது.

‘முந்தைய கணக்கெடுப்பு ஒன்றில், இதே இடத்தில் காணப்பட்ட புள்ளி கருவிச் சுவடு என்று நீக்கப்பட்டிருக்கிறது.’

நீக்கியவர் பெயர் அதில் இல்லை. திருமேனிக்கு அது தேவைப்படவும் இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முந்தைய கதை அது. அப்போது அந்த ஆய்வகத்தில் செங்கமலம் என்ற பெண் ஆராய்ச்சி மாணவியாக இருந்தாள். பரமக்குடிக்காரி. நிதானமான ஆள். மற்றவர்கள் ஒரு நாளில் முடிப்பதை மூன்று நாள் வைத்திருப்பாள். திருமேனியை ‘அண்ணே’ என்று கூப்பிடுவாள். அவர் வீட்டில் ஆப்பம் சுட்டால் இரண்டு ஆப்பம் அவளுக்கும் டப்பாவில் வரும்.

நிலவின் பரப்பில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு துண்டு வானத்தை, அந்தத் தொலைநோக்கி நாள் கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் படங்களுக்குள் செங்கமலம் ஒரு புள்ளியைக் கண்டெடுத்தாள். மிக மங்கல். கடைசி இரண்டு அலைவரிசைகளில் மட்டும் தெரிந்தது. அவள் கணக்குப்படி அந்தக் கணக்கெடுப்பிலேயே மிகத் தொலைவில் இருந்தது அதுதான். அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முழுக்க அந்த ஒரு புள்ளியின் மேல் நின்றது.

சரிபார்க்கும் வேலையை மெஹருன்னிசா திருமேனியிடம் கொடுத்தார்.

அந்தக் கேமராக்களுக்கு ஒரு குணம் உண்டு. பிரகாசமான விண்மீன் எதையாவது பார்த்துவிட்டால், அதன் சுவடு சில மணி நேரம் உள்ளே தங்கிவிடும். அடுத்து எடுக்கிற படத்தில் இல்லாத பொருளை இருப்பதுபோலக் காட்டும். ஆய்வகத்தில் அதை ‘கோஸ்ட்’ என்பார்கள். எது நிஜம், எது கோஸ்ட் என்று கண்டுபிடிக்க வழி இருந்தது. ஒவ்வொரு இடத்தையும் தொலைநோக்கியைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்திப் பதினெட்டுப் படம் எடுப்பார்கள். நிஜமான பொருள் தொலைநோக்கி நகர்ந்த அளவுக்குப் படத்திலும் இடம் மாறும். கோஸ்ட் இருந்த இடத்திலேயே இருக்கும். பதினெட்டையும் தனித்தனியாகத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

திருமேனி பதிவேட்டைப் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அதே கேமரா ஒரு பிரகாசமான விண்மீனைப் பார்த்திருந்தது. அந்த விண்மீனின் ஒளி விழுந்ததும் கிட்டத்தட்ட புள்ளி இருந்த அதே மூலை. அது போதும் என்று பட்டது. ‘கோஸ்ட்’ என்று எழுதினார். பதினெட்டுப் படங்களையும் திறக்கவில்லை.

அந்தக் கணக்கெடுப்பில் திருமேனியும் ஒரு புள்ளி கண்டுபிடித்திருந்தார். செங்கமலத்தின் புள்ளி இருக்கும்வரை அது இரண்டாவது. அது போனதும் முதலாவது. அவருடைய கட்டுரை பேசப்பட்டது. வேலை நிரந்தரமானது.

செங்கமலம் எட்டு மாதம் கழித்து ஆய்வேட்டை முடிக்காமலே ஊருக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய் வழியனுப்பியவர் திருமேனிதான். பெட்டியைத் தூக்கி மேலே வைத்துக் கொடுத்தார். “நல்லா இரும்மா” என்றார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரியும்போது எல்லோருக்கும் இருக்கிற வருத்தம் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்.

இப்போது பழைய கோப்புகளைத் தேடி எடுத்தார். முதல் படத்தைத் திறந்தார். மங்கலாக, தூசி போல, புள்ளி இருந்தது. இரண்டாவது படம். இடம் மாறியிருந்தது. மூன்றாவது. மறுபடியும் மாறியிருந்தது. எவ்வளவு மாற வேண்டுமோ அவ்வளவு. பதினெட்டாவது படம் வரைக்கும் அப்படியே.

கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

நாற்பது நிமிஷம்தான்.

பிறகு கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு மெஹருன்னிசாவின் அறைக்குப் போனார்.

அவர் படித்து முடிக்கும்வரை திருமேனி நின்றுகொண்டிருந்தார். அடிக்குறிப்புக்கு வந்ததும் மெஹருன்னிசா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“படங்களைத் திறந்து பார்த்தீங்களா?”

“பார்த்தேன் மேடம். பதினெட்டும்.”

“எப்போ?”

“இன்னைக்கு.”

“அன்னைக்கு?”

“இல்லை.”

மெஹருன்னிசா மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

“ஒன்னு மட்டும் எனக்குப் புரியலை மேடம்” என்றார் திருமேனி. “தெரிஞ்சே செஞ்சேனா, தெரியாம செஞ்சேனா? என்னோட புள்ளி முன்னாடி வரட்டும்னு அடிமனசுல இருந்துச்சா? இல்லை, நிஜமாவே கோஸ்ட்னுதான் நினைச்சேனா? காலையில இருந்து யோசிக்கறேன். சத்தியமா பிடிபடலை. நீங்கதான் சொல்லணும்.”

“செங்கமலத்துக்கு ஒரு கடிதம் எழுதிட்டு வாங்க.”

“நான் கேட்டதுக்கு...”

“எழுதிட்டு வாங்க.”

திருமேனி இரண்டு நாள் எழுதினார். முதல் நாள் எழுதியதைக் கிழித்துப் போட்டார். இரண்டாம் நாள் நான்கு பக்கம் வந்தது. எழுதும்போது ஓரிரு இடங்களில் கண் கலங்கியது. நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று தோன்றியது. வியாழக்கிழமை மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மெஹருன்னிசா பென்சிலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று படித்தார்.

“இந்தப் பத்தி என்ன?”

“அப்போ எனக்கு வேலை நிரந்தரம் ஆகாத சமயம் மேடம். கையில ஏழெட்டு வேலை. வீட்டிலயும் பையனுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு. எந்த நிலைமையில அதைச் சரிபார்த்தேன்னு...”

“யாரோட நிலைமை?”

“என்னோடது.”

பத்தியின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது.

“இது?”

“அந்தக் காலத்துல கோஸ்ட் பத்தி நமக்கே முழுசாத் தெரியாது. வேற குழுக்களும் இதே தப்பைப் பண்ணியிருக்காங்க. அதைச் சொல்லியிருக்கேன்.”

“அவங்க பதினெட்டையும் திறந்து பார்த்தாங்களா?”

திருமேனி பதில் சொல்வதற்குள் இரண்டாவது கோடு விழுந்தது.

மூன்றாம் பக்கம் முழுக்க அவர் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தார். சுயநலக்காரன், மனசாட்சி இல்லாதவன், அண்ணன் என்று கூப்பிட்டவளுக்குத் துரோகம் செய்தவன். மெஹருன்னிசா அதை நிதானமாகப் படித்தார். மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக இழுத்தார்.

“அதுவுமா மேடம்?”

“தொலைநோக்கியை எதுக்குக் குளிர்ல வெச்சிருக்கோம்?”

திருமேனி தலையைக் குனிந்துகொண்டார்.

“இது பூரா உங்க சூடு” என்றார் மெஹருன்னிசா. “இதுக்கு நடுவுல செங்கமலம் எங்க இருக்காங்கன்னு நான் தேடிட்டு இருக்கேன்.”

கடைசிப் பக்கத்துக்கு வந்தார். தெரிந்து செய்தேனா, தெரியாமல் செய்தேனா என்று திருமேனி அங்கே ஒரு பெரிய பத்தி எழுதியிருந்தார்.

“இது இருக்கட்டும் மேடம்” என்றார் திருமேனி. “இதுதான் முக்கியம். இது தெரியணும் இல்லையா?”

“யாருக்கு?”

அவர் யோசித்தார். வெளியே தோட்டக்காரர் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

“எனக்கு.”

கோடு விழுந்தது.

‘என்னை மன்னித்துவிடு’ என்று ஒரு வரி மிச்சம் இருந்தது. அதன்மேலும் பென்சில் நின்றது.

“இதை எடுத்துட்டா கடிதமே இல்லை மேடம்.”

“நீங்க கொடுக்கப் போறீங்களா, கேட்கப் போறீங்களா?”

திருமேனியே பென்சிலை வாங்கி அந்த வரியை அடித்தார்.

நான்கு பக்கத்தில் மூன்று வாக்கியம் தப்பிப் பிழைத்திருந்தது. மெஹருன்னிசா ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். திருமேனி உட்கார்ந்து எழுதினார்.

‘உன் புள்ளியின் பதினெட்டுப் படங்களையும் நான் திறந்து பார்க்கவில்லை. பார்க்காமலே, இல்லை என்று எழுதினேன். அது இருந்தது.’

கீழே பெயர் போட்டார். தாளை மடிக்கப் போனார். மெஹருன்னிசா கையை நீட்டி வாங்கி, அதன் அடியில் தன் பேனாவால் எழுதினார்.

‘திருமேனி பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே கையெழுத்துப் போட்டேன். மெஹருன்னிசா.’

திருமேனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீங்க என்ன செஞ்சீங்க மேடம்? நான் சொன்னதை நம்பினீங்க. அவ்வளவுதானே?”

“உங்க அறிக்கையோட படங்கள் இல்லை. இருக்கணும். இல்லைங்கிறது எனக்குத் தெரிஞ்சது. அப்போ அடுத்த வாரம் பெரிய கூட்டம். பட்டியல் முடியணும். போட்டுட்டேன்.”

“இத்தனை வருஷம் இதை...”

“இத்தனை வருஷமும் அது கோஸ்டாத்தான் இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சுக்கறது சுலபமா இருந்துச்சு.”

அவர் குரல் மாறவில்லை. தாளை மடித்துத் திருமேனியிடம் நீட்டினார்.

“தபால்ல அனுப்பிடட்டுமா மேடம்?”

“நேர்ல போங்க.”

“நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் போயிடலாம்.”

“நான் வந்தா அவங்க எழுந்து நின்னு ‘வாங்க மேடம்’னு சொல்லுவாங்க. டீ வாங்கிட்டு வருவாங்க. கோபப்பட முடியாது. நீங்க முதல்ல போங்க. நான் அப்புறம் போறேன்.”

செங்கமலம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க நான்கு பேருக்கு போன் போட வேண்டியிருந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில், முதுகுளத்தூரைத் தாண்டி ஒரு சோலார் மின்நிலையத்தில் வேலை என்றார்கள். திருமேனி மதுரை வரை ரயிலில் போய், அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, கடைசி மூன்று கிலோமீட்டர் ஒரு ஷேர் ஆட்டோவில் போனார். மடியில் லேப்டாப் பை. பைக்குள் அந்தத் தாள்.

கண்ணுக்கு எட்டிய தூரம்வரை கருநீலத் தகடுகள். நடுநடுவே சீமைக்கருவேலம். வெயில் உச்சியில் நின்றது. காவலாளி கைகாட்டிய திசையில் நடந்தார். வரிசைகளுக்கு நடுவே, முழுக்கைச் சட்டையும் வட்டத் தொப்பியுமாக ஒரு பெண் கையில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தாள். தகட்டைப் பார்த்தாள். இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து பார்த்தாள். வலப்பக்கம் வந்து பார்த்தாள். பின்னால் போய்ப் பார்த்தாள்.

“செங்கமலம்.”

அவள் திரும்பினாள். அடையாளம் தெரிந்துகொள்ள அவளுக்கு நேரம் ஆகவில்லை. தொப்பியைக் கழற்றினாள். முன்தலையில் நரை வந்திருந்தது.

“வாங்க சார்” என்றாள்.

சார். திருமேனி அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றார். ‘எப்படிம்மா இருக்கே’ என்று கேட்கத்தான் வாயெடுத்தார். “எப்படி இருக்கீங்க?” என்று வந்தது.

“இருக்கேன் சார். என்ன, இவ்வளவு தூரம்?”

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்றும் வரவில்லை. தாளை எடுத்து நீட்டினார். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கினாள். நான்கைந்து வரிதான். ஆனாலும் அவள் நேரம் எடுத்துக்கொண்டாள். எதையும் நிதானமாகவே படிக்கிறவள்.

“நகருதா?” என்று கேட்டாள்.

“என்னது?”

“புள்ளி. படத்துக்குப் படம் நகருதா?”

“நகருது. பதினெட்டுலயும்.”

அவள் தலையாட்டினாள். “ஆமா. நகரும். நான் பார்த்திருக்கேன்.”

“பார்த்தீங்களா?”

“அனுப்பறதுக்கு முன்னாடியே பதினெட்டையும் திறந்து பார்த்துட்டுத்தானே சார் கொடுத்தேன்.”

திருமேனிக்கு வெயிலில் நிற்பது தெரியவில்லை. “சொல்லியிருக்கலாமே” என்றார். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எப்படி இருக்கிறது என்று அவருக்கே கேட்டது.

“உங்க ரூமுக்கு வந்தேன். ‘அண்ணே, நான் படத்தை எல்லாம் பார்த்தேன்’னு ஆரம்பிச்சேன். நீங்க ஏதோ டைப் பண்ணிட்டு இருந்தீங்க. ‘மேடமும் பார்த்துக் கையெழுத்துப் போட்டாச்சும்மா, இனி அதையே பிடிச்சுக்கிட்டு இருக்காதே’ன்னீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது.”

அவருக்கு ஞாபகம் இல்லை. அது உண்மை. எவ்வளவு தேடியும் வரவில்லை.

“அதுக்கப்புறம் நான் திரும்பப் போய்ப் பார்த்தேன். நகருது. அடுத்த நாள் பார்த்தேன். நகருது. ஆனா ரெண்டு பெரியவங்க பார்த்து இல்லைங்கிறாங்க. ரெண்டு மாசம், மூணு மாசம் போச்சு. ஒருநாள் பார்த்தா எனக்கு நகர்ற மாதிரியும் தெரியுது, நகராத மாதிரியும் தெரியுது. அன்னைக்குத்தான் பயந்துபோனேன். புள்ளி போனா போகட்டும் சார். என் கண்ணு மேல எனக்கு நம்பிக்கை போயிடுச்சு.”

கையிலிருந்த கேமராவைப் பார்த்தாள்.

“இதுவும் அகச்சிவப்புதான். தகட்டுல ஏதாவது செல் பழுதானா அது மட்டும் சூடாத் தெரியும். சில சமயம் சூரியனோட பிரதிபலிப்பு விழுந்து பழுது மாதிரிக் காட்டும். தள்ளி நின்னு பார்த்தா பிரதிபலிப்பு நகரும், பழுது நகராது. எல்லாரும் ரெண்டு தடவை பார்த்துட்டுக் குறிச்சுட்டுப் போவாங்க. நான் அஞ்சு தடவை பார்ப்பேன். குறிச்சுட்டு, பாதி தூரம் போயிட்டு, திரும்பி வந்து பார்ப்பேன். மெதுவான ஆளுன்னு எனக்கு இங்க பேரு.”

திருமேனி வாயைத் திறந்தார். கோடு போட்டு அடித்த நான்கு பக்கமும் தொண்டை வரை வந்து நின்றது. ஒரு சொல்லும் இவளுக்காக இல்லை. விழுங்கிக்கொண்டார்.

“திருத்தம் வெளியிடறோம். கண்டுபிடிச்சது நீங்கன்னு உங்க பேரு வரும். சம்மதமா?”

“போடுங்க.”

“ஆய்வேட்டை முடிக்கலாம். விதியில இடம் இருக்கு. மேடம் விசாரிச்சிருக்காங்க.”

“வேண்டாம் சார்.”

“ஏன்?”

“பொண்ணு மூணாவது படிக்குது. மாமியாருக்கு உடம்பு முடியலை. அதெல்லாம் ஒரு காரணம். இன்னொரு காரணம், எனக்கு ஆசை இல்லை. ஆசை இருந்த ஆளு அப்பவே போயிட்டா.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஊரில் மழை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு.

“படங்கள் கைவசம் இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு.”

கட்டுப்பாட்டு அறையின் நிழலுக்குப் போனார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் லேப்டாப்பை வைத்துவிட்டு இருவரும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒவ்வொன்றிலும் புள்ளியின்மேல் விரலை வைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தாள். விரலுக்கு வெளியே புள்ளி வந்து நின்றது. மறுபடி விரலை வைத்தாள். பதினெட்டாவது படத்தில் விரலை எடுக்காமல் வைத்திருந்தாள்.

“நகருது” என்றாள்.

“நகருது.”

“நீங்களும் பார்க்கறீங்கள்ல?”

“பார்க்கறேன்.”

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். திருமேனி எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து, குழாயில் முகம் கழுவி, தொப்பியைப் போட்டுக்கொண்டாள்.

“இன்னும் நாலு வரிசை பாக்கி சார். வெயில் சாயறதுக்குள்ள முடிக்கணும். நாலு மணிக்கு முதுகுளத்தூருக்கு ஒரு பஸ் இருக்கு. விட்டா ஆறரைக்குத்தான்.”

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் தகடுகளுக்கு நடுவே போனாள். திருமேனி நாலு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

திங்கட்கிழமை காலை மெஹருன்னிசாவின் அறைக்குப் போனார். நடந்ததை எல்லாம் சொன்னார். அண்ணே என்ற சொல் சார் ஆனதையும் சொன்னார். அவள் கண்மேல் அவளுக்கு நம்பிக்கை போன கதையைச் சொல்லும்போது நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். மெஹருன்னிசா குறுக்கே எதுவும் கேட்கவில்லை. மன்னித்தாளா என்றும் கேட்கவில்லை. கேட்டு முடித்ததும் அவர் முகம் பழைய முகமாக இல்லை.

“வர்ற சனிக்கிழமை நான் போறேன்” என்றார்.

“ஒரு தப்பு மேடம்” என்றார் திருமேனி. “நாற்பது நிமிஷத்துல முடியற ஒரு வேலை. அதைச் செய்யாம விட்டேன். ஒரு பொண்ணோட வாழ்க்கை திசை மாறிப்போச்சு. திருத்தம் போடறோம், பேரைப் போடறோம். அதெல்லாம் அவகிட்ட எதையும் திருப்பித் தரலை. அங்க உட்கார்ந்திருந்தப்பவே அது தெரிஞ்சுபோச்சு. இந்த ஒரு தப்பை வெச்சுக்கிட்டு நான் எப்படி இருக்கறது? நீங்களே சொல்லுங்க.”

மெஹருன்னிசா எழுந்து அலமாரியைத் திறந்தார். பழைய கணக்கெடுப்பின் கோப்பைத் தேடி எடுத்தார். ஓரமெல்லாம் மஞ்சளடித்துப் போயிருந்தது. கடைசிப் பக்கங்களைப் பிரித்து மேஜைமேல் வைத்தார். நீக்கப்பட்ட புள்ளிகளின் பட்டியல்.

“கோஸ்ட்னு நீங்க அடிச்சது மொத்தம் எத்தனை?”

திருமேனிக்கு எண்ணிக்கை தெரியும்.

“நாற்பத்தி மூணு” என்றார் மெஹருன்னிசா. “ஒன்னை வேற யாரோ பார்த்துச் சொல்லிட்டாங்க. மீதி நாற்பத்தி ரெண்டுல எத்தனையை நீங்க திறந்து பார்த்தீங்க?”

திருமேனி பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்கள். எண்களுக்கு எதிரே, கண்டுபிடித்தவர்களின் பெயர்கள். சில பெயர்களுக்கு முகம் ஞாபகம் வந்தது. சிலவற்றுக்கு வரவில்லை.

மெஹருன்னிசா மூலையில் கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்துக் கணினியின் முன்னால் போட்டார்.

“எல்லாத்துக்கும் கீழே கையெழுத்து என்னுது” என்றார். “உட்காருங்க. முதல் எண்ணைப் படிங்க.”